கோதுமை இலையில் ஒட்டிய சிவப்பு அம்பு

பூபாலன் என்ற பேரை ஆயம்மாள் முதன்முதலில் கேட்டது ஒரு கல்யாணப் பந்தியில். அவளுடைய அம்மாவுக்குச் சித்தப்பா பேத்தி ஒருத்திக்கு ஊத்துக்குளியில் கல்யாணம். முதல் பந்தியில் ஆட்கள் உட்கார்ந்து அரை மணி நேரமாகியும் இலை வரவில்லை. சாம்பார் வாளி நிற்கிறது, சோற்றுக் கூடையில் ஆவி பறக்கிறது, இலையை மட்டும் காணோம். என்னவென்று விசாரித்தால், சமையல் பந்தலுக்குப் பின்னால் ஒருத்தர் ஒவ்வொரு இலையாக வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்து, கிழிசல் இருந்தால் ஒதுக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாராம்.

"ஆருங்க அது?"

"மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் முறைங்க. பேரு பூபாலன். பனியன் கம்பெனியில செக்கிங். அவரு பாஸ் பண்ணாம எலை வராதுங்க."

பாஸ் ஆன இலை பதினெட்டு. உட்கார்ந்திருந்தவர்கள் எண்பது பேர். கடைசியில் பெண்ணைப் பெற்றவரே வந்து, கைகூப்பிப் பூபாலனை அந்தப் பக்கமாகக் கூட்டிப் போய், காப்பி கொடுத்து உட்கார வைத்த பிறகுதான் மீதிப் பேருக்குக் கிழிந்த இலையில் சோறு விழுந்தது. ஆயம்மாளுக்கும் கிழிந்த இலைதான். ரசம் நேராக அவள் சேலைக்கு வந்தது. அதனால் பேர் மறக்கவில்லை.

பிறகு முறை பார்த்ததில், அவளுடைய அப்பாவுக்குப் பெரியப்பா மகன் ஒருத்தர் இளவயதிலேயே திருப்பூருக்குப் பிழைக்கப் போனாரே, அவர் பெற்ற பிள்ளை என்று தெரிந்தது. ஆக அண்ணன் முறை. முறை தெரிந்துவிட்டதால் சேலைக் கறையைச் சொல்லிச் சண்டை பிடிக்கவும் வழியில்லாமல் போயிற்று.

அந்த மனிதர் எட்டு வருஷம் கழித்து, ஓர் ஐப்பசி மாதத்தில், கையில் டிபன் கேரியரும் சட்டைப் பையில் சிவப்பு ஸ்டிக்கர் சுருளுமாக அவள் வேலை செய்யும் காட்டுக்கே வந்து சேருவார் என்று ஆயம்மாள் நினைக்கவில்லை. அது இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம்.

காடு ஆத்தப்பனுடையது. ஊத்துக்குளிக்கு வடக்கே மூன்று ஏக்கர், ஒரு கிணறு. அவருக்குத் திருப்பூர் ராயபுரத்தில் பனியன் கம்பெனி வந்த பிறகு காட்டைப் பார்க்க நேரமில்லை. ஆயம்மாள்தான் தண்ணீர் கட்டுவாள், களை எடுப்பாள். அந்தக் கம்பெனியில் பூபாலனுக்கு இருபத்திரண்டு வருஷம் செக்கிங் மேஜை. தைத்து வரும் ஒவ்வொரு உருப்படியையும் விரித்துப் பார்ப்பார். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எதைக் கண்டாலும் அதற்கு நேரே சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி ஒதுக்கிவிடுவார். இரண்டு முழத் தூரத்திலிருந்தே ஊசி விட்ட இடம் அவருக்குத் தெரியும்.

இந்தக் கண்தான் அவரைக் காட்டுக்கு அனுப்பியது. கப்பலுக்குப் போகவேண்டிய சரக்கு, இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது, பூபாலன் நாலாயிரம் சட்டையில் அம்பு ஒட்டிவிட்டார். காலர் ஒரு நூல் சாய்வாம். மறுபடி பிரித்துத் தைத்து முடிப்பதற்குள் கப்பல் போய்விட்டது. சரக்கு ஏரோப்பிளேனில் போனது. ஏரோப்பிளேனில் போனால் முதலாளிக்கு மிஞ்சுவது அட்டைப்பெட்டிதான்.

ஆத்தப்பன் கோபித்துக்கொள்ளவில்லை. கொங்கு மரியாதை அவரிடம் நிறைய உண்டு. பக்கத்தில் கூப்பிட்டுத்தான் சொன்னார்.

"உன்ற கண்ணு நல்லாத்தான் இருக்குது பூபாலா. அதுதான் தொந்தரவே. கொஞ்ச நாளைக்குக் காட்டுல இரு. காலேஜுல படிக்கிற புள்ளை ஒண்ணு கோதுமை வெச்சுப் பாக்கறேங்குது. அந்தப் புள்ளை வேலை ஒரு கொறையும் இல்லாம முடியட்டும். உன்ற டேபிள் எங்கயும் போயிராது."

ஒரு குறையும் இல்லாமல். அந்த வார்த்தையைப் பூபாலன் வேட்டியில் முடிந்துகொண்டுதான் ரயில் ஏறினார். குறை கண்டுபிடித்ததால் போன மேஜை, குறை இல்லாமல் பார்த்துக்கொண்டால் திரும்பி வரும். இருபத்திரண்டு வருஷத்தில் புரியாத பாடம் ஒரே நாளில் புரிந்துவிட்டது என்று ஆயம்மாளிடம் அவரே சொன்னார்.

திருப்பூர்ச் சீமையில் கோதுமை எதற்கு என்று கேட்பீர்கள். ஆயம்மாளும் கேட்டாள். அந்த வருஷங்களில்தான் பீகாரிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். அவர்களுக்குச் சப்பாத்தி வேண்டும். சொந்தக் காட்டுக் கோதுமையில் சொந்தக் கம்பெனி ஆளுக்குச் சப்பாத்தி போட்டால் எப்படி என்று ஆத்தப்பனுக்கு ஒரு யோசனை. அந்த நேரம் பார்த்துக் கோயமுத்தூரில் பெரிய படிப்புப் படிக்கும் சித்ரகலா, குளிர்காலத்தில் கோதுமை வைத்துப் பார்க்க இடம் கேட்டு வந்தாள். இரண்டும் ஒன்று சேர்ந்துவிட்டது.

சித்ரகலாவை முதல் நாளே ஆயம்மாள் விசாரித்து முடித்துவிட்டாள். மூலனூர்ப் பக்கம் நல்லான் மகள். நல்லானுடைய மனைவிக்கும் ஆயம்மாளுக்கும் அம்மாயி வழியில் ஒரே கொடி.

"அப்ப நானு உனக்குப் பெரியம்மா ஆகோணும் கண்ணு. இவரு எனக்கு அண்ணன். நீ மாமான்னு கூப்புடு."

"மேடம் என்னைய மாமான்னு கூப்புட்டா நல்லா இருக்குமுங்களா?" என்று பூபாலன் பதறிப்போனார். கம்பெனிக்குச் சரக்கு வாங்கும் பையர் வந்தால் எப்படி நிற்பாரோ அப்படித்தான் அவள் முன்னால் நின்றார். கடைசியில் அவர் அவளை மேடம் என்றார், அவள் அவரை அண்ணா என்றாள். முறை கெட்டுப்போனதில் ஆயம்மாளுக்குத்தான் வருத்தம்.

பாத்திகள் இரண்டு வரிசை. வரிசைக்குப் பன்னிரண்டு, பாத்திக்கு ஒரு ரகம்; இரண்டு வரிசையிலும் அதே பன்னிரண்டு ரகம். பதினோரு ரகம் சித்ரகலா கொண்டுவந்தவை. பன்னிரண்டாவது ஆத்தப்பனுடையது. கம்பெனியில் ஒரு பீகார்க்காரர் ஊருக்குப் போய்த் திரும்பும்போது கொண்டுவந்த விதை அது. "என்ற கோதுமையும் ஓரமா இருக்கட்டும்" என்று அவர் சொல்லிவிட்டார். மேல்வரிசைப் பாத்திக்கு வாரம் பத்துக் குடம் தண்ணீர். கீழ்வரிசைக்கு ஐந்துதான். குடத்தைத் தூக்குவது ஆயம்மாள்.

வியாழக்கிழமை தோறும் காலை ரயிலில் சித்ரகலா வருவாள். தோளில் ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து நீளும் குழாயின் முனையில் துணி காயப்போடும் கிளிப்பு மாதிரி ஒன்று. கதிருக்குக் கீழே இருக்கும் கடைசி இலையை அந்தக் கிளிப்பில் கவ்வ வைப்பாள். பெட்டியில் இரண்டு எண் ஓடும்.

"இது என்னத்தைக் கண்ணு காட்டுது?"

"எலையில கண்ணுக்குத் தெரியாத வாய் ஆயிரக்கணக்குல இருக்குதுங்க பெரியம்மா. சோறு ஆக்கறதுக்கு அது காத்தை வாங்கோணும். வாங்க வாயைத் தொறந்தா உள்ள இருக்கற தண்ணி வெளிய போயிரும். சில ரகம் கொஞ்சமாத் தொறந்தே நெறைய ஆக்கிக்கும். சில ரகம் ஆவ்னு தொறந்து வெச்சுட்டுத் தண்ணிய விட்டுட்டு நிக்கும். வாங்கற காத்து ஒரு எண்ணு, போற தண்ணி ஒரு எண்ணு. எது எப்படின்னு பாக்கத்தான் இத்தனை பாடு."

"என்ற நாத்தனாளுக்கு இந்தக் கிளிப்பை மாட்டிப் பாரு. வாயத் தொறந்தா மூட மாட்டா, சோறும் ஆக்க மாட்டா."

பூபாலனுக்கு வேலை புதன்கிழமையில். பாத்தியின் மூலையிலிருந்து எண்ணிக்கொண்டு போய்ப் பத்தாவது செடி, இருபதாவது செடி என்று ஆறு செடிக்கு வெள்ளை நூல் கட்டி வைக்க வேண்டும். நூல் கட்டிய இலையில்தான் கிளிப்பு. எந்தச் செடி வந்தாலும் அதுதான் என்று சித்ரகலா இரண்டு தடவை சொல்லியிருந்தாள். பூபாலனும் இரண்டு தடவை தலையாட்டினார்.

முதல் புதன்கிழமை பத்தாவது செடி நோஞ்சானாக இருந்தது. இலை நுனி மஞ்சள். பூபாலன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பையர் பார்க்கும் பெட்டியில் இதை எவனாவது மேலே வைப்பானா? பதினொன்றாவது செடி நல்ல பச்சை. நூலை அதற்குக் கட்டினார். அடுத்த பாத்தியில் பதினேழாவது. இப்படியே பாத்திக்கு ஆறு முத்தான இலை பொறுக்கினார். நோஞ்சான்களைச் சும்மா விட்டால் மேடம் கண்ணில் படுமே என்று வேரோடு பிடுங்கி வரப்பில் போட்டார். ஆயம்மாளின் மாடு அந்த மார்கழி முழுவதும் கோதுமை தின்றது. அதிலும் பாதி ஏழாம் பாத்திச் செடி. அந்த ரகம் குட்டை, இலை ஒடுக்கம், பார்வைக்கு ஒன்றும் இல்லை.

ஆயம்மாளுக்கு இது தப்பாகப் படவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் நல்ல சேலை கட்டித்தானே நிறுத்துகிறோம் என்று நினைத்தாள். தண்ணீர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கீழ்வரிசை மத்தியான வெயிலில் இலையைச் சுருட்டிக்கொள்வதைப் பார்த்துப் பூபாலன் கேட்டார்:

"எச்சா ஒரு கொடம் ஊத்தினா என்ன தங்கச்சி? ஆரு எண்றாங்க?"

"நானு எண்றனுங்கோ. அந்தப் புள்ளை சொன்னது அஞ்சு. ஆறாவது கொடம் உங்க தலை மேலதான் ஊத்துவேன்."

மாசியில் அறுப்பு. பங்குனியில் ஒரு நாள் வியாழக்கிழமை இல்லாமலே சித்ரகலா வந்தாள். பெட்டியைக் கொண்டுவரவில்லை. காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். பூபாலன் அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மேடம் முதலாளியிடம் நல்ல வார்த்தை சொல்லப்போகிற நாள் என்று அவருக்கு நினைப்பு.

"எல்லாம் பாஸ்ங்களா மேடம்?"

"எல்லாமே பாஸ்தாங்கண்ணா. அதனாலதான் எங்க சார் தூக்கிக் குப்பையில போடச் சொல்லிட்டாரு."

"ஏனுங்க?"

"பன்னண்டு ரகமும் ஒரே வயித்துல பொறந்த மாதிரி ஒரே எண்ணு வருதுங்க. பத்துக் கொடம் குடிச்சதும் அதேதான், அஞ்சு கொடம் குடிச்சதும் அதேதான். ஒண்ணுக்கொண்ணு என்ன வித்தியாசம்னு பாக்கத்தான நான் வந்ததே? அந்த வித்தியாசத்தையே காணோம்."

பூபாலனுக்கு விளங்கவில்லை. வித்தியாசமே இல்லாமல் நாலாயிரம் சட்டை வந்தால் கம்பெனியில் பூசை போடுவார்கள். ஆயம்மாளுக்குத்தான் முதலில் உறைத்தது. மாடு தின்ற கோதுமை கண்ணுக்கு முன்னால் வந்தது. அண்ணனைக் காட்டிக்கொடுப்பதா என்று சற்று யோசித்தாள். அந்தப் பிள்ளையும் மகள் முறை. தவிர, ரசக் கறை ஒன்று பாக்கி இருந்தது.

"கண்ணு, இவரு எண்ணிக் கட்டலை. பொறுக்கிக் கட்டினாரு" என்றாள்.

சித்ரகலா அழுவாள் என்று பார்த்தால் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏனுங்கண்ணா இப்படிப் பண்ணுனீங்க?"

பூபாலன் ஒளிக்கவில்லை. நாலாயிரம் சட்டையைச் சொன்னார், ஏரோப்பிளேனைச் சொன்னார். "ஒரு கொறையும் இல்லாம முடிஞ்சா டேபிள் உனக்குன்னு மொதலாளி சொன்னாருங்க. அதனால கொறைய எல்லாம் மாட்டுக்குப் போட்டுட்டேனுங்க."

"எனக்கு வேண்டியதே கொறைதாங்கண்ணா. அடுத்த ஐப்பசிக்கு மறுபடி வெதைக்கப் போறேன். நீங்க பழைய பூபாலனா வாங்க. நாலாயிரம் சட்டைக்கு அம்பு ஒட்டின பூபாலன்தான் எனக்கு வேணும்."

இப்படி ஒருத்தரும் அதுவரை அவரைக் கேட்டதில்லை.

இரண்டாவது வருஷம் பூபாலனைப் பார்க்க வேண்டுமே. காலை ஏழு மணிக்குப் பாத்தியில் குனிந்தால் பத்து மணிக்குத்தான் நிமிர்வார். பத்தாவது செடி செத்த செடியாக இருந்தாலும் நூல் அதற்குத்தான். முதல் வாரம் உற்சாகம் தாளாமல் பழக்க தோஷத்தில் இலை மேலேயே சிவப்பு அம்பை ஒட்டிவிட்டார். மஞ்சள் நுனிக்கு ஓர் அம்பு, பூச்சி கடித்த இடத்துக்கு ஓர் அம்பு. வியாழக்கிழமை வந்து பார்த்தால் கோதுமைக் காடு முழுக்கச் சிவப்பு.

"ஐயோ அண்ணா, வாயை அடைச்சுட்டீங்களே. எலை எப்படி மூச்சு விடும்?"

அன்று முழுவதும் ஆயம்மாளும் அவரும் உட்கார்ந்து ஸ்டிக்கரைப் பிய்த்தார்கள். அப்புறம் செடிக்குப் பக்கத்தில் குச்சி நட்டு, குச்சியில் அம்பு ஒட்டினார். எண்ணை வாசித்து நோட்டில் எழுதுகிற வேலையையும் சித்ரகலா அவரிடமே கொடுத்தாள். தை பிறப்பதற்குள் அவருக்கு அந்த இரண்டு எண்ணும் அத்துப்படி.

"சட்டைன்னா கறை வெளிய தெரியும் தங்கச்சி. இது அப்படி இல்லை. குடிக்கறது ஒருத்தருக்கும் தெரியாது. அந்த ஏழாம் நம்பர் இருக்குதே, பாக்க ஒண்ணுமில்லை, போன வருசம் நானே புடுங்கி எறிஞ்சது. அஞ்சு கொடத்துல அது ஆக்கற சோத்தை மத்தது பத்துக் கொடத்துல ஆக்குதா பாரு."

"பன்னண்டு?"

பூபாலன் வாயில் விரலை வைத்தார். பன்னிரண்டாம் பாத்தி முதலாளியுடையது. உயரம், அகன்ற இலை, கரும்பச்சை. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்க்கிற அழகு. பத்துக் குடம் ஊற்றினாலும் இரண்டாம் நாள் மண் வெடிக்கும். கதிரைக் கசக்கினால் பாதி பதர். நோட்டில் அதற்கு எழுதியதை அவர் சத்தமாக வாசித்ததில்லை.

அறுப்புக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஆத்தப்பன் காரில் வந்தார். கூடவே அவருடைய சம்பந்தி மருதாசலமும், சொந்தத்தில் இன்னும் நாலு ஒறம்பரைக்காரர்களும். ஆத்தப்பன் கம்பெனிக் கோதுமை என்று அதற்குள் ராயபுரம் முழுவதும் சொல்லி வைத்திருந்தார். நேராகப் பன்னிரண்டாம் பாத்திக்குத்தான் கூட்டிவந்தார்.

"பாருங்க சம்பந்தி, எலையப் பாருங்க! வர்ற வருசம் மூணு ஏக்கரும் இதுதான். ஏம்ப்பா பூபாலா, நம்ம செக்கிங் இன்சார்ஜ் நீதான, நீயே சொல்லு. நம்மது எப்படி?"

செக்கிங் இன்சார்ஜ் என்று அவர் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். பூபாலனும் கேட்டார். பாஸ் என்று ஒரு வார்த்தை போதும், திங்கட்கிழமை ரயிலேறிவிடலாம். ஆயம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு இருமினாள். அவர் கேட்காதது போல் நிற்கவே இன்னொரு தடவை சேர்த்து இருமினாள்.

பூபாலன் ஓர் இலையை விரலில் நீவி வெயிலுக்கு நேரே பிடித்தார். கல்யாணப் பந்தலில் பிடித்த அதே பிடி. அதைப் பார்த்ததும் ஆயம்மாளுக்கு முடிவு தெரிந்துபோயிற்று.

"ரிஜெக்ட்டுங்க" என்றார்.

"என்னது?"

"பன்னண்டுல கடைசி இதுதானுங்க சாமி. பாக்க நெம்ப அழகு. குடிக்கறது ரெண்டு ஆளுக்கு, வேலை அரை ஆளுக்குத்தானுங்க. ஏழாம் நம்பரை வெய்யுங்க. மூஞ்சி நல்லா இருக்காது, ஆனாக் கெணத்தைக் காலி பண்ணாது."

மருதாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டு சம்பந்தியை மேலும் கீழும் பார்த்தார். ஆத்தப்பனும் உயரம், நல்ல நிறம். ஒறம்பரைக்காரர் ஒருத்தர் திரும்பி நின்று தென்னை மரத்தைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது.

ஆத்தப்பன் அப்போதும் கோபித்துக்கொள்ளவில்லை. "கண்ணு இன்னும் அப்படியேதான் இருக்குது போங்க" என்று சிரித்தபடி காரில் ஏறினார்.

"நானு இருமினது காதுல உழுகலீங்களா?" என்று ஆயம்மாள் கேட்டாள்.

"உழுந்துச்சு தங்கச்சி. சளி கட்டியிருக்குது, பாத்துக்கோ."

அடுத்த திங்கட்கிழமை செக்கிங் மேஜைக்கு மருதாசலத்தின் மைத்துனர் வந்து உட்கார்ந்தார். அவருக்குத் தடித்த கண்ணாடி. சரக்கெல்லாம் கப்பலிலேயே போக ஆரம்பித்தது. போன சரக்கில் எத்தனை திரும்பி வந்தது என்பது வேறு பேச்சு. ஐப்பசியில் மூன்று ஏக்கரிலும் பன்னிரண்டாம் நம்பர் விதைத்தார்கள். தை பிறப்பதற்குள் கிணறு வற்றி அடியில் ஆமை தெரிந்தது. காய்ந்த பயிர் மாடுகளுக்கு நல்ல தீனி. அதற்குள் பீகார் ஆட்கள் மெஸ்ஸில் சோறு கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

சித்ரகலாவுக்குப் பட்டம் கிடைத்தது. தடித்த புத்தகமாகக் கட்டி ஒன்றைப் பூபாலனுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். முழுக்க இங்கிலீஷ். முன்பக்கத்தில் நன்றி சொல்லியிருந்த இடத்தில் அவர் பேரும் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் சட்டை லேபிள் படித்தவர், எழுத்துக்கூட்டினார். தன் பேரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. சட்டைப் பையைத் துழாவி, மீதமிருந்த சுருளிலிருந்து ஒரு சிவப்பு அம்பைப் பிய்த்து, அந்த இடத்துக்கு நேரே ஒட்டி, புத்தகத்தை மரியாதையாக மேடம் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அவள் சரி செய்து வேறொன்று அனுப்பினாள். அது பாஸ் ஆயிற்று.

பூபாலன் இப்போது சித்ரகலாவின் அப்பா ஊர்ப் பக்கம், மூலனூரில் இருக்கிறார். முருங்கைக்காய் மண்டியில் காய் தரம் பிரிக்கிறார்.